ஐந்தாவது ஆடி

ஒரு ஊரில் ஒரு மாப்பிள்ளை இருந்தானாம். அவனுக்கு ஏழு கடல் தாண்டி ஒரு பெண்டாட்டியாம். அவள் வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு கையெழுத்துப் போட்டால் அவனுக்கு உயிர் இருக்குமாம். போடாவிட்டால்...

சிரிக்காதீர்கள் அக்கா. கதை மாதிரி ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வருகிறது. அந்த மாப்பிள்ளை நான்தான். பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவில் பக்கம். ஏழு கடலெல்லாம் இல்லை, பிளேனில் நாலு மணி நேரம். இங்கே மலேசியாவில், கிள்ளானில் சமையல் வேலை.

காலையிலிருந்து இந்த இமிக்ரேஷன் ஆபீஸ் பெஞ்சில்தான் இருக்கிறீர்கள், பார்த்திருப்பீர்கள். மூன்றாம் கவுண்டரில் என் பக்கத்தில் பச்சைச் சுடிதாரில் ஒருத்தி நின்றாளே, அவள்தான் என் வீட்டுக்காரி. ஆமாம், போய்விட்டாள். ஏன் போனாள் என்றா கேட்கிறீர்கள்? அதைத்தான் சொல்ல வருகிறேன். உங்கள் வீட்டுக்காரர் நம்பர் என்ன? முன்னூற்றுப் பத்தா? இருநூற்று எண்பதுதான் ஓடுகிறது. அவர் கேன்டீனில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை. இங்கே தங்க எனக்குக் கொடுத்த பாஸ் இன்றோடு முடிகிறது. நாலு மணிக்குக் கவுண்டரை மூடுவார்கள். அதற்குள் ஒரு காகிதம் கொடுத்தால் இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம். இல்லாவிட்டால் பதினாலு நாளில் நாட்டைவிட்டுப் போ என்று சீல் குத்திவிடுவார்கள்.

உங்கள் வீட்டுக்காரரும் ஊரிலிருந்து வந்தவர்தானே? மன்னார்குடியா? நல்லது. அப்படியென்றால் உங்களுக்கு விளக்க வேண்டாம். எங்களைப் போல வந்து இங்கே பெண் கட்டினவனுக்கு வருஷா வருஷம் பெண்டாட்டி கூட வந்து நிற்க வேண்டும். இவர் என் புருஷன், என்னோடுதான் இருக்கிறார் என்று மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாலு பாஸ் அப்படி வாங்கியாயிற்று. இது ஐந்தாவது. இது மட்டும் வந்துவிட்டால் நிரந்தரவாசத்துக்கு எழுதிப் போடலாம். சிவப்பு ஐசி, அந்த அடையாள அட்டை. அது வந்துவிட்டால் ஒருத்தரையும் கெஞ்ச வேண்டாம். அவளையும் இழுத்தடிக்க வேண்டாம். அவளிடமே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரே ஒரு வருஷம் என்று.

முதலில் நான் வேலை பெர்மிட்டில் வந்தவன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, இரண்டு வருஷ பெர்மிட். கடைக்குப் பக்கத்துக் கிளினிக்கில் அவள் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. மத்தியானம் சாப்பிட வருவாள். ரசத்தைச் சோற்றில் ஊற்ற மாட்டாள், டம்ளரில் வாங்கிக் குடிப்பாள். ஒருநாள் ரசம் தீர்ந்துவிட்டது. அவளுக்காக ஒரு டம்ளர் எடுத்து மூடி வைத்திருந்தேன். அவ்வளவுதான் எங்கள் கதை. ஆசைப்பட்டுத்தான் கட்டினேன் அக்கா, பாஸுக்காகக் கட்டவில்லை. இதை இந்த ஆபீஸில் எந்தக் காகிதத்தில் எழுதுவது? அதற்குக் கட்டமே இல்லை.

ஆனியில் கல்யாணம். அடுத்த வாரமே கடை முதலாளி கடையை மூடிவிட்டார். கடை போனால் பெர்மிட்டும் போயிற்று. அப்புறம் பெண்டாட்டி பாஸ்தான். எழுதிப் போட்டுக் காத்திருக்கிற நேரம், ஆடி வந்துவிட்டது. என் மாமியார் தெலுக் இந்தானிலிருந்து தட்டு, பழம், புடவையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போக. ஆபீசர் வீட்டைச் சோதிக்க வந்தால்? வீட்டில் பெண்டாட்டி இல்லை என்றால்?

"அத்தை, இந்த வருசம் வேண்டாம். பாஸ் வரட்டும்" என்றேன்.

"என்னா தம்பி இது, புதுசா கட்டுனவங்க ஆடியில பிரிஞ்சிருக்கணும். ஊருல உங்களுக்குச் சொல்லித் தரலையா?"

"சொல்லித் தந்தாங்க. ஆபீசருக்குச் சொல்லித் தரலையே."

நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். மாமியார் புடவையை மட்டும் வைத்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். அவள் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. கோபம் இல்லை அக்கா, அவள் சுபாவமே அப்படித்தான். அதிகம் பேச மாட்டாள்.

அதிலிருந்து நான் ஒரு ஃபைல் வைத்திருக்கிறேன். இதோ, இதுதான். கல்யாணப் போட்டோ, கோயில் ரசீது, வீட்டு ஒப்பந்தம், கரண்ட் பில்லில் இரண்டு பேர் பெயரும். தீபாவளி, பொங்கல், எல்லாவற்றுக்கும் தேதியோடு போட்டோ. அவள் சமைக்கும்போது, தூங்கும்போதுகூட எடுத்திருக்கிறேன். "எப்பப் பார்த்தாலும் சாட்சி சேக்குறீங்க" என்பாள். சேர்க்காமல்? எனக்கு இங்கே வேறு என்ன இருக்கிறது? ஊரில் ரேஷன் கார்டில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். அண்ணன்தான் எடுத்தான். "நீதான் அங்கயே இருக்கப் போறயே" என்றான். வீட்டைப் பாகம் பிரித்தபோது என் கட்டிலைத் தொழுவத்துக்கு மாற்றினார்கள். அங்கே பெயர் இல்லை. இங்கே இன்னும் ஏறவில்லை. நடுவில் இந்த ஃபைலில்தான் இருக்கிறேன்.

போன வருஷம்? போன வருஷமும் வந்தாள். அதைத்தான் சொல்கிறேன், எவ்வளவு நல்லவள் என்று பாருங்கள். அவளுக்கு அப்போது இரண்டு மாசம். பாஸ் முடிகிற அன்றைக்குக் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் தவித்துப் போய்விட்டேன். ஆனால் நம்பர் எடுத்தாயிற்று அக்கா. எங்களுக்கு முன்னால் ஆறு பேர்தான். "இந்தா, ஒரே ஒரு கையெழுத்து, போட்டவுடனே போயிடலாம்" என்றேன். இதே பெஞ்சில்தான் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். போட்டாள். போட்டவுடனே டாக்சி பிடித்து நேரே ஆஸ்பத்திரிதான். ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. முன்னாலேயே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். மலாயில் சொன்னார். அவள்தான் கேட்டுக்கொண்டாள்.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? நானும்தான் அழுதேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மணி இரண்டரை ஆகிவிட்டது.

இந்த வருஷம் ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது அவளே சொன்னாள். "ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். தலை ஆடிக்குத்தான் விடலையே" என்று. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்கூட. பழைய குறை ஒன்று தீரட்டுமே. பாஸ் புரட்டாசியில்தானே, ஆடி முப்பது நாளில் முடிந்துவிடும். அவள் தம்பி வேன் கொண்டுவந்தான். துணிமணி, தையல் மெஷின், அவள் சின்ன வயசுப் போட்டோ, பூஜை விளக்கு எல்லாம் ஏறியது. தையல் மெஷினை நான்தான் தூக்கி வைத்தேன். ஆடாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டினேன். ஒரு மாசம் சும்மா இருக்க முடியுமா, ஏதாவது தைக்கட்டும் என்று நினைத்தேன். அவள் தம்பி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவனுக்கு எப்போதும் கூச்சம்.

ஊருக்கு போன் பண்ணி அம்மாவிடம் சொன்னேன். "ஏல, தலை ஆடிக்குத்தான புள்ளயக் கூட்டிட்டுப் போவாவ? அஞ்சு வருசம் கழிச்சி என்னல ஆடி?" என்று கேட்டாள். "இங்க இப்படித்தாம்மா, மலேசியாவுல எல்லாம் கொஞ்சம் லேட்டாத்தான் நடக்கும்" என்றேன். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆடி முடிந்தது. ஆவணி பிறந்தது. தினமும் போன் பண்ணினேன். தினமும் அக்கா! ஒருநாள் விடவில்லை. என்ன பேசினேனா? பாஸைப் பற்றித்தான். தேதியை ஞாபகப்படுத்துவேன். ஐசி பத்திரமா என்று கேட்பேன். "ம்" என்பாள். சில நாள் எடுக்க மாட்டாள்.

ஆவணி கடைசியில் ஆபீசர்கள் வந்துவிட்டார்கள். நாலு வருஷம் வராதவர்கள், சரியாக அந்த வாரம்! ஒரு ஆண், ஒரு பெண். அந்தப் பெண் அலமாரியைத் திறந்தாள். ஒரு பக்கம் என் சட்டைகள். இன்னொரு பக்கம் வெறும் ஹேங்கர். விசிறிக் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சத்தம் போட்டன. நான் ஃபைலைத் திறந்து போட்டோ போட்டோவாகக் காட்டினேன். ஆடி, ஆடி என்றேன். எனக்குத் தெரிந்த மலாயில் ஆடியை எப்படிச் சொல்ல? பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போகிற மாசம் என்றேன். திரும்பி வருகிற மாசம் எது என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். எழுதிக்கொண்டு, இன்றைய தேதியைப் போட்டு, இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நேற்று முன்தினம் தெலுக் இந்தானுக்கே போய்விட்டேன். மாமியார் வாசலில் கோயில் பூஜைக்கு வடைப் பருப்பு அரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"பாப்பா, உன் பாஸ் வந்திருக்கு பாரு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்டேன், "அத்தை, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கோம் தம்பி. உக்காருங்க. ஃபைலைக் கீழ வைங்க, யாரும் எடுத்துட்டுப் போயிட மாட்டாங்க."

அவள் தையல் மெஷினில் யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். இல்லை, சதை போட்டிருந்தாளா? ஏதோ மாற்றம் இருந்தது அக்கா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எப்ப வரணும்?" என்றாள்.

"திங்கக்கிழமை. ஒன்பது மணிக்கு."

"எங்க கையெழுத்து?"

"மூணாம் பக்கம்தான், எப்பவும் போல."

"சரி. வர்றேன்."

எனக்கு உயிர் வந்துவிட்டது. நான் எழுந்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"வேற ஒன்னும் கேக்கணும்னு இல்லையா?" என்றாள்.

நல்லவேளை, அவள் அப்படிக் கேட்டதால்தான் ஞாபகம் வந்தது. "ஐசி எடுத்துட்டு வந்துடு, மறந்துடாத" என்றேன்.

மாமியார் பருப்பு அரிக்கிற கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன். அன்றைக்கு ராத்திரி எத்தனையோ நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

வந்தாளே அக்கா! வருவேன் என்றாள், வந்தாள். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்தாள். கவுண்டரில் ஆபீசர் ஃபாரத்தைத் திருப்பினார். அவளும் பேனாவை எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவர் கேட்கிறார், வீட்டுச் சோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இரண்டு பேரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள்?"

நான் ஆமாம் என்றேன். அவர் என்னைக் கேட்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"ஆடியில போனேன்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. பக்கத்துக் கவுண்டரிலிருந்து நம் தமிழ்ப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டார். கண்ணாடி போட்ட ஆபீசர், நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் நம் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். அந்த ஆபீசர் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"எத்தனாவது ஆடிங்க?"

"அஞ்சாவது."

"ஆடி முடிஞ்சு எத்தனை நாள் ஆச்சு?"

"நாப்பத்தஞ்சு நாள்."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. என் வீட்டுக்காரி பக்கம் திரும்பி, "திரும்பிப் போவீங்களாம்மா?" என்று கேட்டாள். அதுவும் மெதுவாக, ஏதோ ஆஸ்பத்திரியில் கேட்பது போல.

இவள் பேனாவை மூடினாள். "கையெழுத்து போடச் சொன்னா போடுறேன் மிஸ். இதுக்கு மட்டும் பதில் கேக்காதீங்க" என்றாள்.

பதில் இல்லாமல் கையெழுத்து வாங்க மாட்டார்களாம். கையெழுத்தே அந்தப் பதில்தானாம். நான் கெஞ்சினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். இவள் ஐசியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். லிஃப்ட் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். "சொல்லிட்டுப் போ, ஒரே வார்த்தை, ஆமான்னு ஒரே வார்த்தை" என்றேன். அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "காலையில சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அக்கா அது? பாஸ் போகிறது, நாடு போகிறது, சாப்பிட்டால் என்ன சாப்பிடாவிட்டால் என்ன? "முதல்ல கையெழுத்து போட்டுட்டுக் கேளு" என்றேன். லிஃப்ட் திறந்தது. போய்விட்டாள்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அவள் எனக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆடியில் போனேன் என்றாள், அவ்வளவுதான். வர மாட்டேன் என்று சொன்னாளா? இல்லையே! மனசில் கோபம் இருந்தால் அங்கேயே போட்டு உடைத்திருக்கலாமே. அவள் மனசு எனக்குத் தெரியும். சிவப்பு ஐசி மட்டும் வந்துவிடட்டும், நேரே போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். அப்போது எங்களுக்கு நடுவில் இந்த ஃபைல் இருக்காது. அப்போது உட்கார்ந்து பேசுவோம்.

ஆபீசரும் கல் நெஞ்சுக்காரர் இல்லை. நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாது. வழக்கப்படிதான் போயிருக்கிறாள் என்று உங்கள் சமூகத்துக் குடிமக்கள் இரண்டு பேர் எழுதிக் கொடுத்தால், மேலே கேட்டுப் பார்க்கிறேன். நாலு மணிக்குள் கொண்டு வா.

இரண்டு பேர். ஒருத்தர் கிடைத்துவிட்டார். கீழே போட்டோகாப்பி எடுக்கிறவர். காகிதத்தைப் படிக்கக்கூட இல்லை, போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். இன்னொருத்தர் வேண்டும்.

அக்கா, நீங்கள் எல்லாவற்றையும் கேட்டீர்கள். இந்த ஊரில் இவ்வளவு பொறுமையாக என்னை யாரும் கேட்டதில்லை. நீங்கள் இங்கே பிறந்தவர்கள், நீல ஐசி வைத்திருக்கிற குடிமக்கள். நாலு வரிதான், நானே எழுதிவிட்டேன். படித்துப் பாருங்கள். இந்தத் தம்பதியை எனக்குத் தெரியும், மனைவி ஆடி மாச வழக்கப்படி தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள். இதில் எது பொய்? ஆடி மாசத்தில்தானே போனாள்? தாய் வீட்டுக்குத்தானே போனாள்? உங்களுக்கும் இப்போது எங்களைத் தெரியும்தானே?

தலை ஆடிக்குத்தான் போவார்கள் என்றா? தெரியும் அக்கா. எனக்குத் தெரியாதா? நானும் அந்த ஊரில்தானே பிறந்தேன். தையல் மெஷினைக் கயிறு போட்டுக் கட்டும்போதே... விடுங்கள். ஆபீசருக்குத் தெரியாது. அது போதும்.

என்ன கேட்டீர்கள்? அவள் பெயரா? எழுதியிருக்கிறேனே, இரண்டாவது வரியில். லோகேஸ்வரி, தந்தை பெயர் முனியாண்டி. ஐசி நம்பர் பன்னிரண்டு இலக்கமும் பார்க்காமலே சொல்வேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லட்டுமா?

எழுந்திருக்கிறீர்களே. உங்கள் நம்பர் இன்னும் வரவில்லையே அக்கா, இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுதான் ஓடுகிறது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா? கேளுங்கள், நானும் வருகிறேன், அவருக்கு நம் கஷ்டம் புரியும். வேண்டாமா? சரி, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். இங்கே, இந்த ஓரத்தில் போட்டால் போதும், பெயரைக்கூட முழுசாக எழுத வேண்டாம்.

காகிதம் பறக்காமல் மேலே பேனாவை வைத்துவிட்டுப் போகிறீர்கள். அக்கா, கையெழுத்து வேண்டாம். உட்காருங்கள். நம்பர் வருகிற வரைக்கும் சும்மா உட்காருங்கள்.

அக்கா, அந்தப் பக்கம் கேன்டீன் இல்லை. அது லிஃப்ட்.